நாலாயிரத்துக்கு மேல்

பெரியாஸ்பத்திரியில் தந்த தாளில்
என் காது ஒரு கோடாக இருந்தது.
இடப்பக்கமிருந்து நேராக வந்து
நாலாயிரம் ஹெர்ட்ஸில்
பிரேக் பிடிக்காத லாரிபோலப் பள்ளத்தில் கிடந்தது.
"எத்தனை வருசமாத் தறி ஓட்டறீங்க?"
பதினாறு.
"பஞ்சு வெச்சுக்கலையா?"
என்ன கேட்டாரென்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

வலி இல்லை. ரத்தம் இல்லை.
எழுத்துகள்தான் போயின, அதிலும் முதலில் ச.
பஸ் ஸ்டாண்டில் "ஏலம் ஏலம்" என்று கூவுவார்கள்,
யாருடைய ஊரை விற்கிறார்களோ என்றிருக்கும்.
பனசங்கரி "சரி" என்பாள்.
"அரி" என்று கேட்டு
வெங்காயமும் கத்தியுமாக உட்காருவேன்.
அதனால் வீட்டுக்கு நட்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் கடையில்
முந்நூற்றைம்பதுக்கு ஒரு பாட்டுப் பெட்டி,
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
முதுகில் யாரோ "தீபக் 9-பி" என்று கீறியிருந்தான்.
கம்பெனி வைத்தனுப்பிய ஈக்வலைசரில்
ராக், பாப், ஜாஸ், கிளாசிக்.
நாலும் நாலு ரெடிமேட் சட்டை. ஒன்றும் என் அளவில்லை.

"ஃபர்ம்வேரையே மாத்திடலாம்ணே" என்றான்
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைக்கும் மாதேசு.
பேர் தெரியாத யார் யாரோ, எந்தெந்த நாட்டிலோ,
சம்பளமில்லாமல் ராத்திரிகளில் எழுதியதாம்.
கேபிளைச் செருகினான். பாதியில் கரண்ட் போனது.
கம்ப்யூட்டர் செத்தது. பெட்டியின் திரை
மாக்னசைட் குழிபோல வெறும் வெள்ளை.
முந்நூற்றைம்பது போச்சு என்று நான் டீ சொன்னேன்.
மாதேசு இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தியபடி
இருபது எண்ணினான்,
பொடி உருகக் காத்திருக்கும் அதே முகத்தோடு.

பத்துப் பட்டை வந்தது. ஒவ்வொன்றிலும்
எங்கே, எவ்வளவு, எத்தனை அகலம் என்று மூன்று கேள்வி.
ஆஸ்பத்திரித் தாளைத் தலைகீழாக வைத்துக்கொண்டு
பள்ளத்தை மேடாக எழுதினோம்.
நாலாயிரத்துக்குப் பன்னிரண்டு டெசிபல் ஏற்றியதும்
பாவு அறுந்ததுபோலப் பாட்டு கிழிந்தது.
"முன்வெட்டு வைக்கணும்ணே.
ஒண்ணைத் தூக்கணும்னா மொதல்ல எல்லாத்தையும் எறக்கணும்."
இறக்கினான்.

பாட்டுக்காரி மூச்சிழுப்பது கேட்டது.
அடுத்த வரிக்கு முன் உதட்டை ஈரப்படுத்துவதுகூட.
ஊரார் வீட்டு ஜன்னலோரம் நிற்பதுபோல் கூச்சமாகி
ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டேன்.

பரீட்சை லீவில் மகளோடு ஏற்காடு போனேன்.
பதினொன்றாம் வளைவில் காது அடைத்துத் திறந்தது,
திறந்தும் அதே காதுதான்.
காப்பித் தோட்டத்து வேலியோரம், சில்வர் ஓக் நிழலில்
அவள் இரு கையாலும் செவியைப் பொத்தினாள்.
"எதுக்கு?"
குனிந்து என் காதுக்குள் கத்தினாள்:
"சில்வண்டுப்பா! மண்டையே பொளக்குது."
எனக்கு மலை சும்மா இருந்தது.
பனி இருந்தது, மிளகுக்கொடி இருந்தது,
ஓர் இலைகூட யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

பெட்டியில் மைக் உண்டு, குண்டூசித் துளை.
மரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் தூக்கிப் பிடித்தேன்.
பிறகு வயரைக் காதில் மாட்டி ஓடவிட்டேன்.

தறி.
போயும் போயும் தறி.
நானூறு தறி, ஒரே ஷிப்டில், மேஸ்திரி இல்லாமல்,
மரத்துக்கு மரம் நாடா எறிந்துகொண்டு.
இதற்கா இத்தனை வளைவு ஏறினேன் என்று சிரிப்பு வந்தது.
மகளும் சிரித்தாள்,
என்னவோ சொன்னாள், ச நிறைய உள்ள என்னவோ.
பட்டையைக் குறைக்கக் கட்டைவிரல் போனது,
போன இடத்திலேயே நின்றது.
இன்னொரு தரம் முதலிலிருந்து கேட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸைத் தட்டிக்கொண்டு
"ஏலம் ஏலம்" என்றார் கண்டக்டர்.
ஏறிக்கொண்டோம்.
இருபது வளைவு.
பேட்டரி பதினொரு சதவீதம்.